டெலிஃபோட்டோ லென்ஸில் விமானம் எடுப்பது: எந்த விமானத்துக்கு எந்த செட்டிங்? முழுமையான வழிகாட்டி

பரங்கிமலை உச்சியிலிருந்து நான் எடுத்த முதல் ஏடிஆர் (இரட்டை புரொப்பெல்லர் உள்ள சிறு பயணிகள் விமானம்) படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. காலை வெயில், தெளிந்த வானம். ஜன்னல்களை ஒவ்வொன்றாக எண்ணலாம், அவ்வளவு துல்லியம். ஆனால் இரண்டு புரொப்பெல்லரும் அசையாமல் நிற்கின்றன. இன்ஜின் அணைந்துபோன விமானம் வானத்தில் தொங்குவதுபோல இருக்கிறது. வேகமாகப் போகும் பொருளுக்கு வேகமான ஷட்டர், அதாவது சென்சாரில் ஒளி விழும் நேரம் குறைவாக, வேண்டும் என்று படித்திருந்தேன், அதனால் 1/2000 வினாடி வைத்திருந்தேன். ஜெட் விமானத்துக்கு அது சரி. புரொப்பெல்லர் விமானத்துக்கு அதுதான் படத்தைக் கெடுத்தது.

அன்றிலிருந்து கேமராவைத் தொடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: வருகிற விமானத்தில் வெளியே ஏதாவது சுழல்கிறதா? அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் ஷட்டர் முடிவாகிவிடும். ஷட்டர் முடிவானால் அப்பர்ச்சரும் (லென்ஸ் துளையின் அளவு) ஐஎஸ்ஓவும் (சென்சாரின் ஒளி உணர்திறன்) தானாக வந்து சேரும். கீழே உள்ளதை அந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறேன்.

படி 1: எவ்வளவு நீள லென்ஸ் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

எளிய கணக்கு இது. ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ. 400 மி.மீ. லென்ஸ் போட்டு 400 மீட்டர் தூரத்தைப் பார்த்தால் படத்துக்குள் 36 மீட்டர் அடங்கும். ஏர்பஸ் ஏ320-இன் நீளம் சுமார் 37.6 மீட்டர். அதாவது 400 மீட்டரில் பக்கவாட்டில் போகும் ஏ320, 400 மி.மீ. லென்ஸில் முழுதாக அடங்காது, மூக்கோ வாலோ கொஞ்சம் வெட்டுப்படும். கொஞ்சம் மூச்சு விட இடம் வேண்டுமென்றால் 350-க்கு இறக்க வேண்டும். சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமரா என்றால் சென்சார் அகலம் ஏறக்குறைய 23.5 மி.மீ.தான், அதே விமானத்துக்கு 230 மி.மீ. போதும்.

போர் விமானம் வேறு கதை. தேஜஸின் நீளம் 13 மீட்டர் சொச்சம்தான். அதே 400 மீட்டரில் அது படத்தின் மூன்றில் ஒரு பங்கைத்தான் நிரப்பும். அதனால்தான் யெலஹங்காவில் நடக்கும் ஏரோ இந்தியாவுக்குப் போகிறவர்கள் 150-600, 200-600 மாதிரி லென்ஸ்களோடு வருகிறார்கள். விமான நிலையத்துக்கு அருகே பயணிகள் விமானம் மட்டும் எடுப்பதாக இருந்தால் 100-400 அல்லது 70-300 தாராளம். பெரிய லென்ஸ் வாங்கும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

லென்ஸின் முன்னால் மலிவான யுவி ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். சாதாரண லென்ஸில் தெரியாத குறை 500 மி.மீ.யில் தெரியும்.

படி 2: ஷட்டர்

முதலில் ஜெட். தரையிறங்கும் பயணிகள் விமானம் சுமார் 140 நாட் வேகத்தில் வரும், அதாவது வினாடிக்கு 72 மீட்டர். 1/1000 வினாடியில் அது 7 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். மேலே சொன்ன 36 மீட்டர் அகலத்தை 6000 பிக்சல் அகலமுள்ள படமாக எடுத்தால் ஒரு பிக்சலுக்கு 6 மி.மீ. அப்படியானால் கேமராவை அசைக்காமல் நின்றால் 1/1000-இல் 12 பிக்சல் இழுவை, 1/2000-இல்கூட 6 பிக்சல். எழுத்துகள் எல்லாம் மங்கிவிடும்.

இந்தக் கணக்கை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஷட்டர் வேகம் மட்டுமே விமானத்தை உறைய வைக்காது. விமானத்தோடு சேர்த்து கேமராவைத் திருப்பும் பேனிங்தான் பெரும்பாலான வேலையைச் செய்கிறது, மிச்சமிருக்கும் கை நடுக்கத்தை ஷட்டர் சமாளிக்கிறது. பேனிங் சரியாக வந்தால் பயணிகள் ஜெட்டுக்கு 1/1000 போதும். கை இன்னும் பழகவில்லை என்றால் 1/1600. போர் விமானம் நெருங்கி வந்து திரும்பும்போது 1/2000 முதல் 1/3200 வரை.

இனி புரொப்பெல்லர். சென்னையிலிருந்து தூத்துக்குடி, சேலம் என்று போகும் ஏடிஆர் 72-இல் ஒவ்வொரு புரொப்பெல்லருக்கும் ஆறு பிளேடு. புறப்படும்போது நிமிடத்துக்கு 1200 சுற்று, அதாவது வினாடிக்கு 20 சுற்று. 1/2000-இல் ஒரு பிளேடு 4 டிகிரிகூட நகராது. என் முதல் படத்தில் அது நின்றுபோனது போலத் தெரிந்தது இதனால்தான். 1/500-இல் 14 டிகிரி, 1/250-இல் 29 டிகிரி. 1/125-க்கு வந்தால் 58 டிகிரி. ஆறு பிளேடுகளுக்கு இடையே உள்ள இடைவெளி 60 டிகிரி என்பதால் அங்கேதான் முழு வட்டமும் மெல்லிய புகைத் தட்டுபோல நிரம்பும். அந்தத் தட்டு விழுந்த படத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் உறைந்த புரொப்பெல்லரைப் பார்க்கவே மனம் வராது.

எடுத்த எடுப்பில் 1/125-க்குப் போகாதீர்கள். 400 மி.மீ.யில் அது கடினம். 1/320-இல் தொடங்குங்கள், இரண்டு மூன்று படம் பத்திரமாகக் கிடைத்ததும் 1/250, அப்புறம் 1/160, பிறகு 1/125. எனக்கு இன்றும் 1/125-இல் பத்துக்கு இரண்டோ மூன்றோதான் தேறும். அதனால் ஒரே விமானத்துக்கு முதல் பாதி 1/320, அடுத்த பாதி 1/125 என்று பிரித்துக்கொள்வேன். பயிற்சிப் பள்ளிகளின் சிறிய பிஸ்டன் இன்ஜின் விமானங்களில் புரொப்பெல்லர் இன்னும் வேகமாக, நிமிடத்துக்கு 2400 சுற்றுக்கு அருகில் சுழலும். அவற்றுக்கு 1/250-லேயே நல்ல சுழற்சி தெரியும்.

ஹெலிகாப்டர்தான் எல்லாவற்றையும்விடச் சிரமம். எம்ஐ-17-இன் மேல் விசிறிக்கு ஐந்து பிளேடு, ஆனால் நிமிடத்துக்கு வெறும் 192 சுற்று. முழு வட்டம் நிரம்ப 1/16 வினாடி வேண்டும். டெலிஃபோட்டோவைக் கையில் பிடித்துக்கொண்டு அதை எதிர்பார்ப்பது வீண். 1/100 அல்லது 1/80-இல் பிளேடின் நுனி மங்கித் தெரிந்தால் போதும், பறக்கிறது என்ற உணர்வு வந்துவிடும். வால் விசிறி இதைவிடப் பல மடங்கு வேகமாகச் சுற்றுவதால் அது தானாகவே மங்கிவிடும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. மிரர்லெஸ் கேமராவில் எலெக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிட்டு மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். சாதாரண சென்சார்கள் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கின்றன, அதற்குள் பிளேடு நகர்ந்துவிடும். நேரான புரொப்பெல்லர் பிளேடு வாழைப்பழம்போல வளைந்து வரும். வேகமாகப் படிக்கும் விலையுயர்ந்த ஸ்டாக்டு சென்சார் கேமராக்களில் இந்தத் தொல்லை மிகவும் குறைவு.

படி 3: அப்பர்ச்சர்

இதில் அதிகம் யோசிக்க வேண்டாம். எஃப்/8 வையுங்கள். (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும், ஒளி குறையும்.)

முழு விமானமும் ஃபோகஸில் வர வேண்டுமே, எஃப்/16 வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். தேவையில்லை. ஃபுல் ஃப்ரேமில் 400 மி.மீ., எஃப்/8, 400 மீட்டர் தூரம் என்றால் ஏறக்குறைய 250 மீட்டரிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை எல்லாமே தெளிவாக இருக்கும். ஒரு விமானம் அதற்குள் பலமுறை அடங்கும். எஃப்/8 வைக்கச் சொல்வது லென்ஸின் கூர்மைக்காக மட்டும்தான். 150-600 மாதிரி லென்ஸ்கள் 600-இல் எஃப்/6.3-ஐவிட எஃப்/8-இல் கொஞ்சம் நன்றாகச் செய்யும். வெளிச்சம் குறைந்தால் தயங்காமல் 6.3-க்கு வந்துவிடுங்கள்.

புரொப்பெல்லருக்காக ஷட்டரை 1/125-க்கு இறக்கும்போது நிலைமை தலைகீழ். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100-லேயே எஃப்/14 வரை போக வேண்டிவரும். சென்சாரில் ஒட்டியிருக்கும் தூசி அத்தனையும் நீல வானத்தில் கரும்புள்ளியாகத் தெரிவது அப்போதுதான். ஒளியை மட்டும் குறைக்கும் இரண்டு ஸ்டாப் என்டி ஃபில்டர் ஒன்று இருந்தால் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது) எஃப்/7-க்குத் திரும்பிவிடலாம். சர்க்குலர் போலரைசர் இருந்தாலும் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் குறையும், கூடவே காக்பிட் கண்ணாடியின் பளபளப்பும் தணியும்.

படி 4: எக்ஸ்போஷரை மேனுவலில் பூட்டுங்கள்

ஷட்டருக்கு அடுத்தபடி படம் அதிகம் கெடுவது இங்கேதான். விமானம் முதலில் வெள்ளை வானத்தில் வரும், இறங்கும்போது பின்னால் மரங்கள், கட்டடங்கள். விமானத்தின்மேல் விழும் வெயில் மாறவே இல்லை. ஆனால் கேமராவின் மீட்டர் பின்னணியைப் பார்த்துக் குழம்பும்: வானத்தில் விமானத்தைக் கருப்பாக்கும், மரங்களுக்கு முன்னால் வந்ததும் வெளுக்க வைக்கும். மேனுவல் வைத்தால் இந்தக் குழப்பமே இல்லை.

தொடக்க எண்: பளிச்சென்ற வெயில், சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் என்றால் 1/1600, எஃப்/8, ஐஎஸ்ஓ 400. ஃபிலிம் காலத்து எஃப்/16 விதியின்படி (நல்ல வெயிலில் எஃப்/16 வைத்தால் ஷட்டர் 1/ஐஎஸ்ஓ) பார்த்தாலும் இதே எண்தான் வரும். ஒரு விமானத்தை எடுத்து ஹிஸ்டோகிராமை (இடது இருட்டு, வலது வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) பாருங்கள். இந்தியாவில் பறக்கும் பல விமானங்களின் உடல் வெள்ளை. அந்த வெள்ளை வலதுபக்கச் சுவரில் முட்டினால் மூன்றில் ஒரு ஸ்டாப் குறையுங்கள். வெளுத்துப்போகும் இடங்களைக் கோடுகளால் காட்டும் ஜீப்ரா வசதி இருந்தால் போட்டுவைப்பது இன்னும் சுலபம்.

மேகம் வந்து வந்து போகிற நாளில் ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. அப்போது ஷட்டர், அப்பர்ச்சர் இரண்டையும் மேனுவலில் நிறுத்திவிட்டு ஆட்டோ ஐஎஸ்ஓ வையுங்கள், மீட்டர் சொல்வதைவிடப் படத்தை வெளிச்சமாக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை ஏற்றுங்கள்: நீல வானத்துக்கு +0.3, மூட்டமான வெள்ளை வானத்துக்கு +1 அல்லது அதற்கு மேல். சில பழைய கேமராக்களில் மேனுவலும் ஆட்டோ ஐஎஸ்ஓவும் சேர்ந்திருக்கும்போது காம்பென்சேஷன் வேலை செய்யாது, வீட்டிலேயே சோதித்துக்கொள்ளுங்கள்.

ரா ஃபைலில், அதாவது சென்சாரின் தகவல் சுருக்கப்படாமல் அப்படியே பதிவாகும் வடிவில் எடுங்கள். நம் ஊர் உச்சிவெயிலில் விமானத்தின் வயிறு நிழலாகத்தான் இருக்கும். அந்த நிழலை மீட்க ஜேபெக்கில் இடமில்லை.

படி 5: ஃபோகஸ்

தொடர் ஃபோகஸ் முறைக்கு மாற்றுங்கள். நிகான், சோனியில் ஏஎஃப்-சி, கேனனில் சர்வோ. விமானத்தைத் தனியாக அடையாளம் காணும் வசதி உங்கள் கேமராவில் இருக்கிறதா என்று மெனுவில் பாருங்கள். நிகான் இசட்8, சோனி ஏ7ஆர் 5, ஃபியூஜி எக்ஸ்-எச்2எஸ் போன்றவற்றில் இருக்கிறது. இருந்தால் போட்டுவிட்டு மற்றதை மறந்துவிடலாம்.

இல்லாத கேமராவில் எல்லாப் புள்ளிகளையும் திறந்துவிடாதீர்கள், ஒற்றைப் புள்ளியும் வேண்டாம். நடுவில் சிறு கூட்டமாக இருக்கும் ஸோன் அல்லது குரூப் முறைதான் சரி. வெறும் வானத்தில் எந்த ஏஎஃப் அமைப்பும் பிடிமானம் இல்லாமல் திணறும். விமானத்தின் உடல் நடுவே வண்ணங்கள் சேருமிடம், காக்பிட், வால் எழுத்து இவற்றின்மேல் புள்ளியை வையுங்கள். வெறும் வெள்ளை உடல்மேல் வைத்தால் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். அப்படி அலைந்தால் திரும்பி வருவதற்குள் விமானம் போய்விடும். அதற்கு இரண்டு மருந்து: லென்ஸில் ஃபோகஸ் லிமிட்டர் (ஃபோகஸ் தேடும் தூரத்தைக் கட்டுப்படுத்தும் பொத்தான்) இருந்தால் தூரத்துக்கு மட்டும் என்று வைப்பது, விமானம் வருவதற்கு முன்பே தொலைவில் இருக்கும் டவரிலோ மரத்திலோ ஃபோகஸ் செய்துவைப்பது.

கை நடுக்கத்தை ஈடுசெய்யும் ஸ்டெபிலைசரில் பேனிங்குக்கு என்று தனி நிலை இருக்கும். கேனன், சிக்மா, சோனியில் மோட் 2, நிகானில் ஸ்போர்ட். அதைப் போடுங்கள். சாதாரண நிலையில் விட்டால் நீங்கள் திருப்புவதை நடுக்கம் என்று நினைத்து அது எதிர்த் திசையில் இழுக்கும்.

படி 6: இரண்டு செட்டிங்கையும் சேமித்துவையுங்கள்

ஏடிஆரை 1/125-இல் எடுத்து முடித்த கையோடு, பின்னாலேயே ஒரு பெரிய 777 வந்தது. ஷட்டரை மாற்ற மறந்தேன். அன்று பளபளவென்று வந்த அந்த விமானத்தின் ஒரு படமும் தேறவில்லை. அதற்குப் பிறகுதான் கஸ்டம் மோடுகளைப் பயன்படுத்தத் தொடங்கினேன். டயலில் சி1, யூ1 அல்லது 1 என்று இருக்குமே, அதுதான். முதலாவதில் ஜெட்: 1/1600, எஃப்/8, ஆட்டோ ஐஎஸ்ஓ. இரண்டாவதில் புரொப்பெல்லர்: 1/160, ஐஎஸ்ஓ 100, ஆட்டோ அப்பர்ச்சர். ஃபோகஸ் முறை, பர்ஸ்ட் வேகம் எல்லாம் அதோடு சேர்ந்தே பதிவாகும். பர்ஸ்ட், அதாவது பொத்தானை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து விழும் படங்கள், வினாடிக்கு எட்டு முதல் பத்து போதும். விமானங்களின் நேரலை வரைபடம் காட்டும் செயலி ஒன்றைப் போனில் வைத்திருந்தால் அடுத்து வருவது ஏடிஆரா ஏர்பஸ்ஸா என்பது ஐந்து நிமிடம் முன்பே தெரிந்துவிடும், டயலைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம்.

படி 7: உடம்பைத் திருப்பப் பழகுங்கள்

படம் எடுக்கப்போகும் இடத்தை நோக்கிப் பாதங்களை வையுங்கள். விமானம் வரும் பக்கம் இடுப்பை மட்டும் முறுக்கிக் காத்திருங்கள். வரவர முறுக்கு அவிழும், சரியாக நேருக்கு வரும்போது உடம்பு இலகுவாக இருக்கும். இடது கை லென்ஸுக்கு அடியில், முழங்கைகள் விலாவோடு ஒட்டி, கண் வியூஃபைண்டரில். ஷட்டரை அழுத்தி முடித்த பிறகும் திருப்புவதை நிறுத்தாதீர்கள்.

இதற்குப் பழக விமானமே தேவையில்லை. ஜிஎஸ்டி சாலையின் ஓரத்தில் பாதுகாப்பாக நின்றுகொண்டு பேருந்துகளை 1/60-இல் எடுத்துப் பாருங்கள். பெயர்ப் பலகையில் ஊர்ப்பெயர் படிக்கிற மாதிரி வந்தால் கை தயாராகிவிட்டது. ஒரு மாலையில் கிடைக்கும் இந்தப் பயிற்சி, புதிய லென்ஸ் தருவதைவிட அதிகம் தரும் என்பது என் அனுபவம்.

படி 8: நேரமும் இடமும்

எந்த செட்டிங்காலும் சரிசெய்ய முடியாதது கானல். பத்து மணிக்கு மேல் ஓடுபாதையின் தார் சூடேறிக் காற்று நெளியத் தொடங்கினால் தூரத்து விமானம் தண்ணீருக்குள் இருப்பதுபோல வரும். ஃபோகஸ் தப்பிவிட்டதென்று கேமராவைக் குறை சொல்வோம், காரணம் அதுவாக இருக்காது. காலை ஒன்பதுக்குள், அல்லது மாலை நான்குக்கு மேல் எடுங்கள். நண்பகலில் எடுத்தே ஆக வேண்டுமென்றால் தரையில் நிற்கும் விமானங்களை விட்டுவிட்டு வானத்தில் அருகே வருவதை மட்டும் எடுங்கள். சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை உச்சிவேளைச் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர்மேலே. விமானத்தின் முதுகில் மட்டும் வெளிச்சம், வயிறு இருட்டு.

2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் நடந்த விமானப்படை சாகசத்தை எடுத்தவர்களுக்கு இது புரியும். காலை பதினொரு மணி, கடலைப் பார்த்து நிற்க வேண்டும், சூரியன் உயரத்தில். இப்படிப்பட்ட இடத்தில் எக்ஸ்போஷரை +0.7 முதல் +1 வரை ஏற்றியே ஆக வேண்டும், இல்லையென்றால் எல்லாம் கருநிழல். அன்றைய வெயிலில் உயிர்களும் போயின. லென்ஸ் பைக்குள் தண்ணீர் பாட்டிலுக்கு இடம் ஒதுக்கிவிட்டு மிச்ச இடத்தில் லென்ஸை வையுங்கள்.

விமானப்படையின் சூர்யகிரண் சாகசக் குழுவின் ஒன்பது ஹாக் விமானங்களும் சேர்ந்து வரும்போது ஜூமை 200-க்கு அருகே குறையுங்கள், ஓரத்தில் உள்ளவற்றை வெட்டிவிடுவது எல்லோரும் செய்கிற தவறு. இரண்டு விமானங்கள் எதிரெதிரே வந்து கடக்கும் காட்சிக்கு 1/3200. ஒன்றை மட்டும் பின்தொடருங்கள், மற்றது தானாக வந்து சேரும்.

அனுமதி விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். விமான நிலைய வளாகத்துக்குள் அனுமதியின்றி இப்படிப் படமெடுக்கக் கூடாது. சூலூர், தாம்பரம் போன்ற விமானப்படைத் தளங்களின் பக்கம் பொதுமக்களுக்கான கண்காட்சி நாள் தவிர கேமராவை எடுக்கவே வேண்டாம். வெளியே பொது இடத்தில் நிற்கும்போதும் காவலர் வந்து கேட்டால் படங்களைக் காட்டி, நகரச் சொன்னால் நகர்ந்துவிடுங்கள்.

படி 9: வீட்டில் கம்ப்யூட்டரில் பார்க்கும்போது

படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி, இந்திய விமானங்களில் விடி என்று தொடங்கும் பதிவெழுத்தைப் பாருங்கள். எழுத்து பக்கவாட்டில் இழுபட்டிருந்தால் பேனிங் விமானத்தின் வேகத்துக்கு ஒத்துவரவில்லை. மேலும் கீழுமாக இழுபட்டிருந்தால் ஷட்டரைக் குத்தி அழுத்தியிருக்கிறீர்கள். ஒரே படத்தில் சில இடம் நெளிந்தும் சில இடம் நேராகவும் இருந்தால் கானல். மெதுவான ஷட்டரில் மூக்கு தெளிவாக, வால் மட்டும் மங்கலாக வந்தால் கவலை வேண்டாம். அருகே கடந்துபோகும் நீண்ட விமானத்தின் இரு முனைகளும் உங்கள் கண்ணுக்கு வேறுவேறு வேகத்தில் நகர்வதால் அது எல்லோருக்கும் நடக்கும், காக்பிட் தெளிவாக இருந்தாலே அந்தப் படத்தை வைத்துக்கொள்ளலாம். எந்த ஷட்டரில் எத்தனை தேறியது என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். அடுத்த முறை மலை ஏறும்போது, ஏடிஆருக்கு எந்த எண்ணில் தொடங்குவது என்பதை அந்தத் தாள் சொல்லும்.